முதல் கம்பளி விரிப்பு: நடுவில் மேடு தட்டுகிறது, பழசு மாதிரியும் தெரியவில்லை

கம்பளிப்பூச்சி:

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ட்ரூரோ பக்கம் இருக்கிறேன். போன நவம்பரில் ரக் ஹூக்கிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். தெரியாதவர்களுக்காக: லினன் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதற்கு அடியில் கம்பளித் துணிக் கீற்றை இடது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து கொக்கியை உள்ளே விட்டுக் கீற்றைச் சின்னச் சின்ன வளையமாக மேலே இழுக்க வேண்டும். முடிச்சும் கிடையாது, தையலும் கிடையாது. வளையங்கள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான்.

ஆசை வந்தது பக்கத்து வீட்டுப் பாட்டியின் சமையலறையில். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு பழைய விரிப்பு கிடந்தது, அவருடைய பாட்டி போட்டதாம். கறுப்புத் தரையில், அதாவது படத்தின் பின்னணியில், ஒரு குதிரை, நான்கு மூலையிலும் பூ. குதிரைக்குக் கழுத்திலிருந்து பாதி வயிறு வரை செம்பழுப்பு, அதற்குப் பிறகு சாம்பல். பழுப்புத் துணி தீர்ந்துவிட்டிருக்கிறது, கையில் இருந்ததை வைத்து முடித்திருக்கிறார். கறுப்பு என்று நான் நினைத்த தரையைக் குனிந்து பார்த்தால் கருநீலம், பாசிப்பச்சை, காப்பிக்கொட்டை நிறம் எல்லாம் கலந்து கிடக்கிறது. பாட்டியிடம் கேட்டு, காகிதத்தில் அந்தக் குதிரையை வரைந்துகொண்டு வந்தேன்.

என் விரிப்பு 24-க்கு 36 அங்குலம். 8-ஆம் எண் கீற்று, அதாவது கால் அங்குல அகலம். கம்பளி முழுவதும் ஒரே கடையில் புதிதாக வாங்கினேன். ஓரம் மட்டும்தான் பாக்கி. நேற்றுச் சட்டத்திலிருந்து கழற்றித் தரையில் போட்டால் சுட்ட அப்பளம் மாதிரி நடுவில் எழும்பி நிற்கிறது. நான்கு மாத வேலை. இன்னொரு வருத்தமும் உண்டு. அதே குதிரை, அதே பூ, ஆனால் பாட்டியின் விரிப்புக்குப் பக்கத்தில் என்னுடையது சுவரில் ஒட்டிய சுவரொட்டி மாதிரி தட்டையாகத் தெரிகிறது. எங்கே தப்பு செய்தேன்?

நூல்கண்டு:

முதல் விரிப்பையே முடிக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், வாழ்த்துகள். மேடு தட்டுவதற்கு 10-க்கு 9 தடவை ஒரே காரணம்தான், வளையங்களை நெருக்கிப் போட்டிருப்பீர்கள். விரிப்பைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கங்கே லினன் கண்ணில் பட வேண்டும். ஒரு துளி லினன்கூடத் தெரியாமல் சுவர் மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் ஓர் அளவுகோலை வைத்து, ஒரு வரிசையில் அங்குலத்துக்கு எத்தனை வளையம் என்று எண்ணிச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு கம்பளி தீர்ந்தது என்றும் சொல்லுங்கள். விரிப்பின் பரப்பைப் போல் நான்கு மடங்கு துணி என்பது பழகியவர்களின் கணக்கு. உங்களுடையது 6 சதுர அடி. 24 சதுர அடித் துணியில் முடிந்திருக்க வேண்டும்.

கம்பளிப்பூச்சி:

எண்ணினேன். அங்குலத்துக்கு எட்டு வளையம், சில இடத்தில் ஒன்பது. பின்பக்கம் நீங்கள் சொன்ன சுவரேதான். துணி இரண்டரை கஜ நீளம் வாங்கினேன், கிட்டத்தட்ட 35 சதுர அடி. அதில் மிஞ்சியது ஒரு கைப்பிடி.

எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர், "அடித்துணியில் ஒரு கண்ணையும் காலியாக விடாதே" என்றார், கண் என்றால் லினன் இழைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டை. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவர் போட்ட விரிப்புகள் தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடக்கின்றன. அப்படியென்றால் அது எப்படிச் சரியாக வந்தது?

நூல்கண்டு:

அவர் எந்த அகலத்தில் கீற்று வெட்டுகிறார் என்று கவனித்தீர்களா? 3-ஆம் எண்ணாக இருக்கும், அதாவது அங்குலத்தில் 32-ல் மூன்று பங்கு. அல்லது கம்பளி நூலாகவே இருக்கும்.

உங்கள் மாகாணத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. கேப் பிரெட்டனில் ஷெடிக்காம்ப் என்ற அகாடியன் ஊர், அதாவது பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். அங்கே 1920-களில் லில்லியன் பர்க் என்ற பெண்மணி ஊர்ப் பெண்களை மெல்லிய கம்பளி நூலுக்கும் மென்மையான நிறங்களுக்கும் திருப்பினார். அந்த ஊர்க்காரர் எலிசபெத் லெஃபோர்ட் அமெரிக்க ஜனாதிபதிகளின் முகங்களையே கொக்கியால் போட்டவர். அவருடைய வேலைகள் அங்கே லே த்ருவா பின்யோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஒரு தடவை போய்ப் பாருங்கள். நியூஃபவுண்ட்லாந்தில் கிரென்ஃபெல் மிஷன் என்ற மருத்துவத் தொண்டு அமைப்பின் விரிப்புகளும் அந்த வகைதான். மிஷனுக்கு நன்கொடையாக வந்த பழைய பட்டுக் காலுறைகளைச் சாயம் தோய்த்து, மெல்லிசாக வெட்டி, நேர்நேர் வரிசையாக ஒவ்வொரு கண்ணிலும் போட்டார்கள். பனிக்கரடியும் நாய்வண்டியும் ஓவியம் மாதிரி வரும்.

"ஒரு கண்ணையும் விடாதே" என்பது அந்த வேலைக்கான விதி. நூல் மெல்லிசு, கண் நிறைந்தாலும் துணி விரியாது. கால் அங்குலக் கம்பளிக் கீற்றுக்கு அதே விதியைப் போட்டால் லினன் பாவம் என்ன செய்யும்? உள்ளே போன கம்பளிக்கு இடம் வேண்டும், பக்கவாட்டில் இடமில்லை, மேலே எழும்புகிறது.

உங்களுடையது மாதிரி அகலக் கீற்றில் எளிய பழைய பாணியில் போடும் "பிரிமிட்டிவ்" வேலைக்கு என் கணக்கு இது. வரிசைக்குள் அங்குலத்துக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து வளையம். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே கால் அங்குலம், அதாவது கீற்றின் அகலமே. வளையத்தின் உயரமும் கீற்றின் அகலமே. பக்கத்து வளையத்தைத் தோளால் தொட வேண்டும், இடிக்கக் கூடாது. கம்பளி தானே கொஞ்சம் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். அந்த வேலையை அதற்கு விட்டுவிடுங்கள்.

ஊசிமல்லி:

பிரிக்கச் சொல்லாமல் ஆவி இஸ்திரி போட்டால் சரியாகாதா? நான்கு மாத உழைப்பாயிற்றே.

நூல்கண்டு:

லேசான அலை என்றால் சரியாகும். விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, ஈரத் துண்டை விரித்து, இஸ்திரிப் பெட்டியைக் கம்பளிச் சூட்டில் வைத்து அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு ஒரு நாள் முழுக்க மட்டமான தரையில் காயவிட வேண்டும். எட்டு வளையம் என்பது அலை இல்லை. இஸ்திரி போட்ட அன்றைக்கு மட்டமாக இருக்கும், மழைக்காலம் வந்தால் மறுபடி எழும்பும். தரையில் கால் படும் இடத்தில் மேடு இருந்தால் அந்த மேடுதான் முதலில் தேயும்.

நல்ல செய்தி, இந்தக் கைவேலையில் பிரிப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். கீற்றின் நுனியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அப்புறம் லினனை நகத்தால் அப்படியும் இப்படியும் வருடிவிட்டால் கண்கள் மூடிக்கொள்ளும். குதிரையை விட்டுவிடுங்கள், தரையை மட்டும் பிரித்தால் போதும் என்று நினைக்கிறேன்.

மில்வாசல்:

கோயம்புத்தூர் மில்லில் 31 வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பிடஃபர்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். தினமும் சாக்கோ ஆற்றங்கரையில் பழைய பெப்பரல் பஞ்சாலைக் கட்டடங்களைச் சுற்றித்தான் நடை. தலைப்பில் "விரிப்பு" என்று பார்த்ததும் உள்ளே வந்தேன்.

இந்த ஊர்க்காரர்தான் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட். 1860-களில் வண்டியில் தகரப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்றவர். மனைவி விரிப்பு போடுவதைப் பார்த்து முதலில் நல்ல கொக்கி ஒன்று செய்துகொடுத்தார், பிறகு சாக்கில் படம் வரைந்துகொடுத்தார். அக்கம்பக்கத்தார் எங்களுக்கும் வரைந்து கொடு என்று கேட்க, கையால் வரைந்து மாளவில்லை. உலோகத் தகட்டில் வடிவங்களை வெட்டி, அந்தத் தகடுகளைச் சாக்கின் மேல் வைத்து வண்ணத்தோடு அச்சடித்தார். சிங்கம், நாய், பூச்செண்டு எல்லாம் அப்படித்தான் நியூ இங்கிலாந்து முழுக்கப் பரவியது. 1876-ல் தொழிலை விற்றுவிட்டுக் கலிபோர்னியா போய்விட்டார். உங்கள் பக்கம் நியூ கிளாஸ்கோவில் 1892 முதல் இதே தொழிலைச் செய்தவர்கள் காரெட் குடும்பத்தார். உங்கள் பாட்டி வீட்டுக் குதிரை அந்த அச்சுகளில் ஒன்றா, வீட்டிலேயே வரைந்ததா என்று சாக்கின் பின்பக்கம் பார்த்தால் சில சமயம் தெரியும். அச்சு மையின் கோடு எங்கேயாவது தப்பிப் பிழைத்திருக்கும்.

என்னை உட்கார வைத்தது அந்தச் சாக்குதான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சணல் சாக்கு மலிவாகப் புழங்க ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கைவேலை வீடு வீடாகப் பரவியது. அந்தச் சணல் வங்காளத்தில் விளைந்தது. ஸ்காட்லாந்தில் டண்டீ ஆலைகளிலும், பிறகு கல்கத்தாவிலும் நெய்தார்கள். தானியமும் தீவனமும் வந்த சாக்கைத் தையல் பிரித்து, துவைத்து, சட்டத்தில் கட்டினார்கள். தளர்ந்த நெசவு, கொக்கி சுலபமாக நுழையும். பழைய விரிப்புகள் பல ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதற்குக் காரணம் ஒரு சாக்கு விரித்தால் அவ்வளவுதான் வரும் என்பதே. எங்கோ நம் பக்கத்து விவசாயி நீரில் ஊறவைத்து உரித்த நார் மெய்ன் மாநிலத்துப் பண்ணை வீட்டுக் குதிரைக்குத் தரையாகக் கிடக்கிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் நீங்கள் சாக்கில் போடாதீர்கள், லினனில் போட்டது நல்ல முடிவு. சணல் நார் வயதானால் உலர்ந்து பொடிந்துவிடும். பழைய விரிப்புகளில் கம்பளி நன்றாக இருக்கும், அடித்துணி மடிப்பில் முறியும். பாட்டியிடம் சொல்லுங்கள், தொட்டிக்கடியில் ஈரம் படும் இடத்திலிருந்து அதை எடுத்துவிடட்டும்.

கம்பளிப்பூச்சி:

ஐயா, உங்கள் பதிவை மொழிபெயர்த்துப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். விரிப்பைத் திருப்பிப் பார்த்தோம். அச்சு மை எதுவும் இல்லை. ஒரு மூலையில் கரிக்கோடு மாதிரி மங்கலாக இருக்கிறது, அடுப்புக்கரியால் வரைந்திருப்பார்கள் என்கிறார் பாட்டி. இப்போது அது படுக்கையறையில், யாரும் மிதிக்காத இடத்தில் இருக்கிறது.

பிரிக்க முடிவு செய்துவிட்டேன். அந்தச் சுவரொட்டித் தன்மைக்கு என்ன வழி?

வடிவு:

தங்கச்சி, நான் ஸ்கார்பரோவில் இருக்கிறேன், இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருசம். உங்கடை குதிரை வடிவாக இருக்கும், அதில் பிழை இல்லை. பிழை அந்தக் கறுப்பில். ஒரே கட்டில் வாங்கிய ஒரே கறுப்பு எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒரே கறுப்புத்தான். அந்தக் காலத்து மனுசி கறுப்புத் துணி வாங்கவே இல்லை. புருசனின் பழைய கோட்டு, பிள்ளையின் பாவாடை, கிழிந்த போர்வை, எது கருமையாகக் கிடந்ததோ அதெல்லாம் சேர்ந்து அவவின் கறுப்பு.

சட்டியில் செய்கிற விதம் சொல்கிறேன். சமையலுக்கு எடுக்காத பெரிய எஃகுச் சட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். உங்கள் கறுப்புத் துணியோடு கருநீலம், கரும்பச்சை, மண்ணிறம், அரக்கு, கோடும் கட்டமும் போட்ட ட்வீட் துண்டுகள் எல்லாவற்றையும் சேருங்கள். கீற்றாக வெட்டினதைப் போடவேண்டாம், சிக்கிக் கயிறாகிவிடும். உங்களிடம் இப்ப இருப்பது கீற்றுத்தான் என்றால் மெல்லிய வலைப் பையில் கட்டி இறக்குங்கள். சுடுதண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப். கொதிக்க விடாமல் சிறு நெருப்பில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் துணிகள் தங்கள் சாயத்தைத் தண்ணீருக்கு விடும். தண்ணீர் முதலில் ஊதாவாகி, பிறகு கருங்காப்பி போல வரும். எல்லாத் துணியும் அந்த ஒரே தண்ணீரைக் குடிக்கும். அப்போது ஒரு கோப்பை வினிகர் விட்டு இன்னும் அரை மணித்தியாலம். தண்ணீர் தெளிந்து வந்தால் சாயம் திரும்பத் துணியில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அடுப்பை அணைத்துவிட்டு ஆறும்வரை தொடவேண்டாம். சூட்டோடு குளிர்தண்ணீரில் போட்டால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும்.

வெளியில் எடுத்தால் ஒவ்வொன்றும் தன் நிறத்தை வைத்திருக்கும், ஆனால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். சில கடைத் துணி சாயம் விடாது. அது துணியின் குணம், வேறு துண்டு போட்டுப் பாருங்கள்.

ஊசிமல்லி:

துணி எங்கே தேடுவது என்றும் சொல்லுங்கள் அக்கா. பழைய உடுப்பு எல்லாமே சரிவருமா?

வடிவு:

நூறு வீதம் கம்பளி என்று எழுதியிருக்க வேண்டும். பாவாடை, போர்வை, பிளேசர் நல்லது. கோட்டு தடிப்பென்றால் வெட்டுகிற மெசினைக் கொல்லும். வழுவழுப்பான சூட் காற்சட்டைத் துணி வேண்டாம், கீற்றாக்கினால் நூல் நூலாகப் பிரியும். அட்டை இல்லாவிட்டால் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். முடி எரிகிற மணம் வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி மணி மாதிரி உருண்டால் பொலியெஸ்டர். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தையலைப் பிரித்து, சுடுதண்ணீரில் தோய்த்து, உலர்த்தியில் போடுங்கள். நெசவு இறுகி லேசாகப் பஞ்சுபோல வரும், அதுதான் வேண்டும். வெட்ட முன் ஓரத்தைக் கையால் கிழித்து நேர் நூலைக் கண்டுபிடியுங்கள். நூலுக்குக் குறுக்கே சரிந்து வெட்டின கீற்று இழுக்கும்போது அறும். தங்கச்சி இருக்கிற பக்கம் ஃப்ரெஞ்சீஸ் பழைய உடுப்புக் கடைகள் இருக்கே, அங்கே போங்கள்.

ஊசிமல்லி:

இதற்கெல்லாம் பதிலாக, முடித்த விரிப்பின் மேல் கடும் தேநீரைத் தெளித்துவிட்டால் ஒரே நாளில் நூறு வருடப் பழசாகத் தெரியும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மில்வாசல்:

துணித் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம். தேநீரில் இருப்பது துவர்ப்பும் அமிலமும். அலசாமல் துணியில் தங்கினால் நாரை மெல்ல மெல்ல அரிக்கும், லினனுக்கு அது ஆகாது. கறையும் திட்டுத்திட்டாகத்தான் விழும்.

இன்னொன்று, பழைய மாதிரியில் போடுவது வேறு, பழசு என்று நம்ப வைப்பது வேறு. உங்கள் விரிப்பு உங்கள் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும், அங்கிருந்து இன்னும் ஒருவருக்கு. முப்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் பழம்பொருள் என்று விலை கொடுத்து ஏமாறக் கூடாது. பழைய விரிப்புகள் பலவற்றில் ஆண்டையும் பெயரின் முதல் எழுத்தையும் பூவுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். நீங்களும் போடுங்கள்.

நூல்கண்டு:

ஐயா சொல்வதில் இரண்டாவது பாதி எனக்கு முழுச் சம்மதம். முதல் பாதியில் கொஞ்சம் மாறுபடுகிறேன். கீற்றாக்கும் முன்பு கம்பளித் துணியை வெங்காயத் தோலிலோ வால்நட் ஓட்டிலோ தோய்த்து, நன்றாக அலசிக் காயவைத்தால் கெடுதல் எதுவும் வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. பளிச்சென்ற மஞ்சளையும் வெள்ளையையும் அடக்க அது நல்ல வழி. முடித்த விரிப்பின் மேல் எதையும் ஊற்றக் கூடாது என்பதில் நாம் ஒரே பக்கம்தான்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ராஸ்ட் காலத்து வடிவங்களை யாரும் எடுத்தாளலாம். இன்றைக்கு உயிரோடு இருப்பவர் "பழைய பாணி" என்று வரைந்து விற்பது அவருடைய உழைப்பு. படத்தைப் பார்த்து நகல் எடுக்காமல் காசு கொடுத்து வாங்குங்கள்.

கம்பளிப்பூச்சி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தரை முழுவதையும் பிரித்தேன், இரண்டு சாயங்காலம்தான் ஆனது. கிடைத்த கீற்றுகளை வலைப் பையில் கட்டி, ஃப்ரெஞ்சீஸில் எடுத்த கருநீலப் பாவாடை, பச்சைக் கட்டம் போட்ட பாவாடை, பழுப்பு ட்வீட் பிளேசர் எல்லாவற்றோடும் வடிவு அக்கா சொன்னபடி சட்டியில் இறக்கினேன். தண்ணீர் ஊதாவாகிக் கருங்காப்பியாகி, வினிகர் விட்ட பிறகு அடியில் சட்டி தெரியும் அளவுக்குத் தெளிந்ததை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது அங்குலத்துக்கு நான்கு வளையம். கை பழைய வேகத்தில் நெருக்கத்தான் போகிறது, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் திருப்பிப் பார்த்து லினன் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்கிறேன். குதிரையைச் சுற்றி முதலில் ஒரு வரிசை, பிறகு அதன் வளைவையே பின்பற்றி வெளியே வெளியே. பச்சை கலந்த கீற்று ஒன்று குதிரையின் முதுகுக்கு மேலே வந்து விழுந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புதான், ஆனால் குதிரை அதிலிருந்து எழுந்து நிற்கிறது.

தரை தளர்ந்த பிறகு குதிரையின் வயிறு மட்டும் இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தது, அதையும் பிரித்தேன். பழுப்புக் கீற்றுகளில் பாதி நைந்துவிட்டன. அதே பழுப்பு கடையில் கிடைக்கும், வாங்கவில்லை. ட்வீட் பிளேசரின் கை மிச்சம் இருந்தது, அதைப் போட்டு முடித்தேன். பாட்டி பார்த்துவிட்டு வயிற்றில் கை வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இடது மூலைப் பூவுக்குக் கீழே ஆண்டும் என் முதலெழுத்தும் போட்டுவிட்டேன். ஓரம் எப்படி முடிப்பது?

நூல்கண்டு:

கடைசி வளையத்திலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டு, தையல் மெஷினில் ஜிக்ஜாக் இரண்டு ஓட்டு ஓட்டுங்கள். அதற்கு வெளியேதான் லினனை வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுத் தைக்கப் போனால் பிரிந்துகொண்டு வரும். பிறகு பருத்திக் கயிறு ஒன்றை லினனுக்குள் சுருட்டி வைத்து, தரையோடு ஒத்துப்போகும் கம்பளி நூலால் சுற்றிச் சுற்றித் தையுங்கள். மிதிபடுவதில் முதல் அடி வாங்குவது ஓரம்தான், நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். இங்கே மட்டும் நெருக்கலாம்.

வடிவு:

எடுத்து வைக்கிற நேரம் மடிக்கவேண்டாம், சுருட்டுங்கள். படம் வெளிப்பக்கம் வரவேணும். உதறவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். இங்கே ஒரு போட்டோ போடுங்கோ தங்கச்சி, குதிரையின் வயிறு தெரிகிற மாதிரி.